கம்ப்யூட்டர் பழுது: எதை முதலில் பார்ப்பது, எப்போது கைவிடுவது

கம்ப்யூட்டர் ரிப்பேரில் கழற்றி மாட்டும் வேலைக்கு ஆகும் நேரம் கொஞ்சம்தான். எது போயிருக்கிறது என்று கண்டுபிடிப்பதில்தான் பொழுது போகும். ஒரு ராமை மாற்ற இரண்டு நிமிடம். கோளாறு அந்த ராமில்தான் என்று உறுதி செய்ய ஒரு ராத்திரி முழுக்க சோதனை ஓட வேண்டியிருக்கும். ஆகவே வீட்டில் நீங்களே பிரித்துப் பார்த்தாலும் சரி, கூலிக்குப் பார்த்தாலும் சரி, சோதனைகளை எந்த வரிசையில் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் காசு மிஞ்சும்.

வரிசைக்கு ஒரே விதி: காசு செலவில்லாமல் ஒரு நிமிடத்தில் முடிகிற சோதனை முதலில், பாகம் வாங்கிப் போட்டுப் பார்க்க வேண்டிய சோதனை கடைசியில். மனசுக்குள் சந்தேகம் மதர்போர்டு மேலேயே இருக்கட்டும்; முதலில் மாற்றிப் பார்க்க வேண்டியது பவர் கேபிளைத்தான். கேபிளைச் சோதிக்க முப்பது விநாடி போதும், மதர்போர்டைச் சோதிக்க அரை நாள் வேண்டும். இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடிப்பவர்கள்தான் நல்ல ராம், நல்ல எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை பெட்டி) எல்லாம் வாங்கிப் போட்டுவிட்டு, கடைசியில் மானிட்டர் கேபிளில் வந்து நிற்பார்கள்.

கை வைக்கும் முன்

மெஷின் ஓரளவாவது ஓடுகிறதா? அப்படியானால் முதல் வேலை பழுதைத் தேடுவது இல்லை, உள்ளே இருப்பதைக் காப்பாற்றுவது. "இதில் இருக்கும் ஃபைல் எல்லாம் வேறு எங்காவது இருக்கிறதா?" என்று கேளுங்கள். "எல்லாம் இருக்கு" என்பவர்களிடம் இன்னொரு தரம் கேளுங்கள். டெஸ்க்டாப்பில் கிடப்பதையும் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டையும் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

அடுத்தது பிட்லாக்கர், அதாவது சாவியில்லாமல் டிஸ்க்கைப் படிக்க முடியாதபடி பூட்டும் விண்டோஸ் வசதி. இப்போது வரும் லேப்டாப்களில் பலதும், உரிமையாளர் கேட்காமலேயே டிஸ்க்கைப் பூட்டி வைத்திருக்கும். விண்டோஸ் 11-ஐ 24எச்2 பதிப்பிலிருந்து புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், தகுதியுள்ள மெஷின்களில் இந்தப் பூட்டு தானாகவே விழும். சும்மா இருக்கும்வரை அது இருப்பதே தெரியாது. மதர்போர்டை மாற்றினாலோ, பயாஸை (மெஷினை எழுப்பும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) அப்டேட் செய்தாலோ, டிபிஎம்மை (பூட்டின் ரகசியத்தை வைத்திருக்கும் பாதுகாப்புச் சிப்) அழித்தாலோ நீலத் திரை வந்து 48 இலக்கச் சாவியைக் கேட்கும். சாவி பெரும்பாலும் உரிமையாளரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு மறந்திருந்தால், தரவு கண்ணெதிரே இருந்தும் கைக்கு வராது. பயாஸைத் தொடும் முன்பே சாவியைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது பத்து நிமிட வேலை. செய்யாமல் விட்டால் "நீங்கதான் டேட்டாவை அழிச்சிட்டீங்க" என்ற பேச்சைக் கேட்க வேண்டிவரும்.

ஆன் ஆகவே இல்லை

பாயிண்டில் கரண்ட் இருக்கிறதா என்று வேறு சாதனத்தைச் செருகிப் பாருங்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் பின்பக்கச் சுவிட்ச் ஆனில் இருக்கிறதா பாருங்கள். பவர் கேபிளை மாற்றுங்கள். அதற்குப் பிறகுதான் கேபினட்டைத் திறப்பது.

திறந்ததும் எல்லோரும் மறக்கும் ஒன்று: முன்பக்க பவர் பட்டன். அதுவும் ஒரு மலிவான சுவிட்ச்தான், அதுவும் போகும். மதர்போர்டில் அந்தப் பட்டனின் ஒயர் செருகியிருக்கும் இரண்டு பின்னைக் கண்டுபிடித்து, ஒயரைக் கழற்றிவிட்டு, ஸ்க்ரூடிரைவர் முனையால் இரண்டையும் ஒரு கணம் தொட்டு விடுங்கள். மெஷின் எழுந்தால் போயிருப்பது பட்டன். ரீசெட் பட்டனின் ஒயரை அங்கே மாற்றிச் செருகிவிட்டால் வேலை முடிந்தது, பாகமே வேண்டாம்.

எழவில்லையா, மல்டிமீட்டரை எடுங்கள். 24 பின் கனெக்டரில் ஊதா ஒயர் 9-ம் பின். சுவரில் கரண்ட் இருக்கும்வரை, மெஷின் ஆஃபில் இருந்தாலும் அதில் 5 வோல்ட் இருக்க வேண்டும். இல்லையென்றால் எஸ்எம்பிஎஸ் போய்விட்டது, மேலே தேட வேண்டாம். அது இருந்தால், 24 பின்னை போர்டிலிருந்து கழற்றி, பச்சை ஒயரையும் (16-ம் பின்) பக்கத்தில் உள்ள ஒரு கறுப்பு ஒயரையும் வளைத்த கம்பியால் இணைத்துச் சுவிட்சைப் போடுங்கள். 12 வோல்ட் தடத்தில் 11.4 முதல் 12.6 வரை, 5 வோல்ட்டில் 4.75 முதல் 5.25 வரை, 3.3 வோல்ட்டில் 3.14 முதல் 3.46 வரை வந்தால் வரம்புக்குள் இருக்கிறது. எல்லா ஒயரும் கறுப்பாக வரும் மாடல்களில் பின் எண்ணைப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கம்பியைச் செருகுங்கள். ஃபேன் சுற்றவில்லை என்பதை மட்டும் வைத்து முடிவு கட்டவும் வேண்டாம். சூடேறும்வரை ஃபேனைச் சுற்ற விடாத எஸ்எம்பிஎஸ்களும் உண்டு.

இந்தச் சோதனையை ஓரளவுக்குத்தான் நம்பலாம். சுமை ஏதும் இல்லாமல் 12 வோல்ட் காட்டும் எஸ்எம்பிஎஸ், கிராஃபிக்ஸ் கார்டு இழுக்கும்போது படுத்துவிடலாம். தோற்றால் நிச்சயம் போயிருக்கிறது. தேறினால் நல்லது என்று அர்த்தமில்லை. தேறியும் சந்தேகம் தீரவில்லையென்றால் நன்றாக ஓடுகிற இன்னொரு எஸ்எம்பிஎஸ்ஸைப் போட்டுப் பார்ப்பது ஒன்றுதான் வழி. சர்வீஸ் மேசையில் எப்போதும் இருக்க வேண்டிய முதல் உபரி பாகம் அது. எஸ்எம்பிஎஸ்ஸின் பெட்டியை மட்டும் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் ஆளைத் தூக்கிப் போடும் அளவுக்கு வோல்ட் தங்கியிருக்கும்.

ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே இல்லை

மானிட்டர் கேபிள் எங்கே செருகியிருக்கிறது? தனி கிராஃபிக்ஸ் கார்டு உள்ள மெஷினில் கேபிள் மதர்போர்டின் துளையில் இருந்தால் திரை பெரும்பாலும் கறுப்பாகவே இருக்கும். மெஷினை இடம் மாற்றி வைத்த பிறகு வரும் "டிஸ்ப்ளே போச்சு" என்ற புகாரில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

அடுத்து ராம். பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒரு பத்து விநாடி அழுத்தி மிச்சக் கரண்டை வடித்துவிட்டு, ராமை வெளியே எடுங்கள். தங்க நிறப் பட்டைகளை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் ஒரே திசையில் துடையுங்கள். ரப்பரால் தேய்க்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. தேய்த்தே ஆக வேண்டுமென்றால் மென்மையான வெள்ளை ரப்பர், அதுவும் லேசாக. தூள் ஸ்லாட்டுக்குள் விழாமல் தட்டிவிட்டு, பிறகு ஆல்கஹாலால் துடையுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில்தான் உள்ளே போகும். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது ஸ்லாட்டில் ஒரே ஒரு ராமை மட்டும், இரண்டு முனையும் 'டிக்' என்று உட்காரும்வரை அழுத்துங்கள். ஒரு பக்கம் மட்டும் பூட்டும் ஸ்லாட்டில் மறுபக்கம் ஒரு மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டு நிற்கும். கண்ணுக்குச் சரியாக உட்கார்ந்ததுபோலவே தெரியும், டிஸ்ப்ளே மட்டும் வராது.

டிடிஆர்5 போர்டுகளில் ஒரு விஷயம் புதிது. ராமை மாற்றினாலோ பயாஸை அழித்தாலோ, முதல் முறை ஆன் செய்யும்போது போர்டு அந்த ராமின் வேகத்தைப் பழகிக்கொள்ளச் சில நிமிடம் எடுக்கும். அதுவரை திரை கறுப்பு. பொறுமையிழந்து ஆஃப் செய்தால் மறுபடி முதலிலிருந்து. கால் மணி நேரம் தொடாமல் விட்டுப் பாருங்கள்.

பல போர்டுகளில் ஓரத்தில் நான்கு சிறு விளக்குகள் உண்டு: சிபியூ, டிராம், விஜிஏ, பூட். எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் சிக்கியிருக்கிறது. விளக்கும் இல்லை, பீப் ஒலியும் இல்லை என்றால் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு பிராசஸர், கூலர், ஒரு ராம், எஸ்எம்பிஎஸ் மட்டும் வைத்து ஆன் செய்யுங்கள். பிராசஸரில் டிஸ்ப்ளே வசதி இல்லாவிட்டால் கிராஃபிக்ஸ் கார்டும் வேண்டும். போர்டையே கேபினட்டிலிருந்து எடுத்து அட்டைப் பெட்டி மேல் வைத்துச் சோதித்தால், பின்னால் சிக்கிய ஸ்க்ரூவோ இடம் தவறிய தாங்கியோ ஷார்ட் ஆக்குவது தெரிந்துவிடும். ஆன் ஆகி ஒரு விநாடியில் அணைந்து மறுபடி ஆன் ஆகும் மெஷினில், போர்டின் மேல் மூலையில் பிராசஸருக்கென்று தனியாக வரும் 4 அல்லது 8 பின் கனெக்டரைப் பாருங்கள். மாட்டாமலோ பாதி மாட்டியோ இருக்கும்.

காலையில் மட்டும் வரும் 'வைரஸ்'

காலையில் ஆன் செய்தால் எந்தத் தளத்தைத் திறந்தாலும் "இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்று எச்சரிக்கை. அரை மணி கழித்துத் தானாகச் சரியாகிவிடுகிறது. வைரஸ் என்று ஃபார்மேட் செய்கிறார்கள். மறுநாள் காலை அதே கதை.

திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள், பல வருடம் பின்னால் இருக்கும். மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது. ஒவ்வொரு தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழுக்கும் ஒரு தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. உங்கள் கடிகாரத்தின்படி அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை, அதனால் பிரவுசர் மறுக்கிறது. விண்டோஸ் இணையத்திலிருந்து நேரத்தைத் திருத்திக்கொண்டதும் பிரச்சினை மறைகிறது.

காலையில் மட்டும் ஏன்? சுவரில் கரண்ட் இருக்கும்வரை அந்த ஊதா ஒயரின் 5 வோல்ட்டே கடிகாரத்தையும் தாங்கிக்கொள்ளும். இரவில் பாயிண்ட் சுவிட்சை அணைத்தால்தான் சுமை பேட்டரி மேல் விழும். ஆகவே இரவு சுவிட்சை அணைக்காத வீட்டில் இதே பேட்டரி செத்திருந்தாலும் யாருக்கும் தெரியாது.

பேட்டரியை எடுத்து மீட்டரில் வையுங்கள். புதியது 3 வோல்ட்டுக்குச் சற்று மேலேயே காட்டும். 2.8-க்குக் கீழே போனால் மாற்றிவிடுங்கள். கூட்டல் குறி மேலே தெரியும்படி போட்டு, பயாஸுக்குள் போய் நேரத்தைச் சரி செய்யுங்கள். கூடவே சாட்டா முறை (டிஸ்க்கோடு போர்டு பேசும் முறை) என்னவாக இருக்கிறது என்றும் பாருங்கள். பேட்டரி செத்து பயாஸ் தன் பழைய அமைப்புக்குத் திரும்பும்போது அது ஏஎச்சிஐ, ரெய்டு இரண்டுக்கும் இடையே மாறிவிட்டால் விண்டோஸ் பூட் ஆகாது. நல்ல டிஸ்க்கை 'போய்விட்டது' என்று தூக்கிப் போடுவதும் இப்படித்தான் நடக்கிறது.

ஸ்லோ

"ஸ்லோவா இருக்கு" என்பதற்குள் நான்கைந்து வேறு வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கும். முதலில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியூவின் கீழ் 'அப் டைம்' எவ்வளவு என்று பாருங்கள். தினமும் ஷட்டவுன் செய்பவரின் மெஷினில்கூட அது இருபது நாள் என்று காட்டும். விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் வசதி, ஷட்டவுன் செய்யும்போது கெர்னலை (விண்டோஸின் மையப் பகுதி) அப்படியே டிஸ்க்கில் எழுதி வைத்துக்கொண்டு மறுநாள் அதையே எடுத்துவைக்கிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால் மட்டுமே எல்லாம் புதிதாகத் தொடங்கும். செலவு இரண்டு நிமிடம்.

மூலையில் வந்து வந்து போகும் "உங்கள் கணினியில் 5 வைரஸ்" எச்சரிக்கை, பெரும்பாலும் ஏதோ ஒரு தளத்துக்கு எப்போதோ கொடுத்த நோட்டிஃபிகேஷன் அனுமதிதான். பிரவுசர் அமைப்பில் அதை நீக்குங்கள். இதற்கு ஃபார்மேட் செய்து கூலி வாங்குவது பாவம்.

இவை இல்லையென்றால் டிஸ்க். விண்டோஸ் இருப்பது சுழலும் ஹார்டு டிஸ்க்கில் என்றால், மற்ற எதையும் மேம்படுத்தும் முன் எஸ்எஸ்டி போடுங்கள். ஹார்டு டிஸ்க்கின் முள் ஒரு இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்ந்து படிக்கப் பத்து மில்லிவிநாடி அளவு ஆகும், ஆக விநாடிக்கு நூறு சொச்சம் துண்டு வாசிப்புதான் முடியும். சாதாரண எஸ்எஸ்டியே பல்லாயிரம் செய்யும். விண்டோஸ் தொடங்கும்போது நடப்பது பெரும்பாலும் இந்தத் துண்டு வாசிப்புதான். பிராசஸர் பத்து வருடப் பழசாக இருந்தாலும் இந்த ஒரு மாற்றத்தில் ஆள் மாறிய மாதிரி இருக்கும். வாங்கும் முன் துளையைப் பாருங்கள்: எம்.2 என்ற சிறு பட்டை வடிவ எஸ்எஸ்டியில் சாட்டாவும் உண்டு, அதைவிட வேகமான என்விஎம்இயும் உண்டு. சில ஸ்லாட் ஒன்றை மட்டும் ஏற்கும். அளவு 2280 என்றால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம்.

டிஸ்க் வேகம் குறைவதற்கும் சாகக் கிடப்பதற்கும் வித்தியாசம் உண்டு. கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மாதிரி ஒரு கருவியில் நான்கு வரிகளைப் பாருங்கள். 05 என்பது டிஸ்க் ஏற்கெனவே ஒதுக்கித் தள்ளிய செக்டர்கள் (தரவை எழுதி வைக்கும் சிறு துண்டுகள்). சி5, படிக்க முடியாமல் தவிக்கும் செக்டர்கள். சி6, திருத்தவே முடியாதவை. இந்த மூன்றில் ஏதாவது ஒன்று பூஜ்யத்தைத் தாண்டி, நாளுக்கு நாள் ஏறினால் அந்த ஹார்டு டிஸ்க்கை நம்பாதீர்கள். நான்காவது, சி7, வேறு ஜாதி: டிஸ்க்குக்கும் போர்டுக்கும் இடையே போகும் தரவில் பிழை. அது ஏறினால் டிஸ்க்கை விடுங்கள், சாட்டா கேபிளை மாற்றுங்கள். எண்ணிக்கை குறையாது, ஆனால் ஏறுவது நின்றுவிடும். இந்தக் கருவி மூல எண்களைப் பதினாறடிமானத்தில் காட்டும். '10' என்று தெரிந்தால் அது பதினாறு.

சி5 ஏறும் டிஸ்க்கில் அவசரப்பட்டு, டிஸ்க் பிழைகளைத் திருத்தும் விண்டோஸ் கருவியான செக்டிஸ்க்கை ஓட்டாதீர்கள். அது டிஸ்க்கை மூலை முடுக்கெல்லாம் ஓடவிட்டு, படிக்க முடியாத இடத்தில் திரும்பத் திரும்ப மோதி, மிச்ச உயிரையும் எடுத்துவிடும். முதலில் முக்கியமான ஃபோல்டர்களை வெளியே எடுங்கள். முழு நகல் வேண்டுமென்றால், கெட்ட இடங்களைத் தாண்டிப்போய் நல்ல பகுதியை முதலில் எடுக்கும் டிடி ரெஸ்க்யூ போன்ற கருவி. 'கிளிக் கிளிக்' என்று தட்டும் டிஸ்க்குக்கு உடனே கரண்டை நிறுத்துங்கள். உள்ளே இருப்பது முக்கியம் என்றால் அது தரவு மீட்புக் கூடத்துக்குப் போக வேண்டிய கேஸ். எஸ்எஸ்டி இப்படி முன்கூட்டிச் சத்தம் போடாது. நேற்றுவரை ஓடியது, இன்று பயாஸிலேயே காணோம் என்பதுதான் அதன் பாணி.

சூடும், விட்டு விட்டு வரும் கோளாறும்

கேம் ஆடினால் பத்து நிமிடத்தில் அணைகிறது, வெறுமனே இருந்தால் ஓடுகிறது என்றால் சூட்டைச் சந்தேகியுங்கள். பெரும்பாலான பிராசஸர்கள் 95 முதல் 100 டிகிரியில் தாமாகவே வேகத்தைக் குறைக்கும், அதையும் மீறினால் அணைந்துவிடும். லேப்டாப்பில் ஃபேனுக்கும் செம்புத் தகடுகளுக்கும் இடையே தூசு கம்பளி மாதிரி படிந்திருக்கும். வெளியிலிருந்து காற்றடித்தால் அது உள்ளேயே நகரும், ஃபேனைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும். காற்றடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். விட்டால் அளவுக்கு மீறிச் சுற்றி பேரிங் கெடும். பிராசஸருக்கும் கூலருக்கும் இடையே தடவும் தெர்மல் பேஸ்ட் பட்டாணி அளவு போதும், கூலரின் அழுத்தமே பரப்பிவிடும்.

விண்டோஸின் நிகழ்வுக் குறிப்பேடான ஈவன்ட் வியூவரில் 'கெர்னல் பவர் 41' என்று ஒரு வரியைப் பார்த்துவிட்டு எஸ்எம்பிஎஸ் வாங்க ஓடாதீர்கள். போன முறை முறையாக அணைக்கப்படவில்லை என்பதைத்தான் அது சொல்கிறது, காரணத்தைச் சொல்லவில்லை. சந்தேகம் ராம் மேல் என்றால் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ நான்கு சுற்று ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான், "பரவாயில்லை" என்ற பேச்சே கிடையாது.

சரி செய்துவிட்டோம் என்று எப்போது சொல்லலாம்? சராசரியாக நாளைக்கு ஒரு முறை வரும் கோளாறு, ஒரு நாள் வரவில்லை என்பதால் போய்விட்டதாக அர்த்தம் இல்லை. அதன் போக்கிலேயேகூட அப்படி ஒரு நாள் தப்பலாம், அதற்கு மூன்றில் ஒன்றுக்கும் மேல் வாய்ப்பு. வழக்கமான இடைவெளியைப்போல் மூன்று மடங்கு நேரம் வராமல் இருந்தால்தான், தற்செயல் என்ற வாய்ப்பு இருபதில் ஒன்றாகக் குறையும். நாளுக்கு ஒரு தரம் என்றால் மூன்று நாள். வாரத்துக்கு ஒரு தரம் என்றால் மூன்று வாரம், அதை எந்த சர்வீஸ் மேசையும் தாங்காது. அந்த மாதிரி மெஷினை ரிப்பேருக்கு வாங்கும்போதே "மாற்றிப் போட்டுத் தருகிறேன், உங்கள் இடத்திலேயே மூன்று வாரம் ஓட்டிப் பாருங்கள்" என்று பேசிக்கொள்வதுதான் நேர்மை.

லேப்டாப்புக்கென்று சில

செத்துக் கிடந்தால் சார்ஜரைப் பிடுங்கி, கழற்ற முடிந்தால் பேட்டரியையும் கழற்றி, பவர் பட்டனை முப்பது விநாடி அழுத்திப் பிடியுங்கள். வேறு சார்ஜர் போட்டுப் பார்க்கும்போது வோல்ட் ஒன்றாக இருக்க வேண்டும், ஆம்பியர் அதிகமாக இருந்தால் தவறில்லை. வட்டமான பிளக்கின் நடுவில் ஊசி இருந்தால், சில கம்பெனி மாடல்களில் அது சார்ஜரை அடையாளம் காட்டும் ஊசி. அது வளைந்தாலோ உடைந்தாலோ லேப்டாப் ஓடும், ஆனால் சார்ஜ் ஏறாது, வேகமும் குறையும். அப்போது பேட்டரியை மாற்றி ஒரு பயனும் இல்லை.

டச்பேட் அழுத்த முடியாமல் மேலெழும்பினால் அடியில் பேட்டரி உப்பியிருக்கிறது. சார்ஜ் போடுவதை அன்றைக்கே நிறுத்துங்கள், குத்தவோ நெம்பவோ வேண்டாம். தண்ணீர் கொட்டினால் உடனே ஆஃப், சார்ஜர் வெளியே, கவிழ்த்து வைத்து, பின்மூடியைத் திறந்து பேட்டரி கனெக்டரைப் பிடுங்குங்கள். அரிசியில் புதைப்பதால் உள்ளே படிந்த உப்பும் சர்க்கரையும் போகாது. போர்டை ஐசோபுரொபைலால் கழுவினால்தான் போகும். திரையை மாற்ற வேண்டுமென்றால் லேப்டாப் மாடலை வைத்து ஆர்டர் போடாதீர்கள். ஒரே மாடலில் 30 பின்னும் வரும், 40 பின்னும் வரும். பழைய பேனலைக் கழற்றி, பின்னால் ஒட்டியிருக்கும் எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

கூலிக் கணக்கு

எல்லாவற்றையும் மணி நேரத்தில் கணக்குப் போட்டால் தெளிவாகும். 500 ஜிபி தரவை பேக்கப் எடுக்க, விநாடிக்கு 100 எம்பி வேகத்தில் ஒரு மணி இருபத்து மூன்று நிமிடம். பழைய யுஎஸ்பி 2.0 துளையில் விநாடிக்கு 35 எம்பிதான் கிடைத்தால் நான்கு மணி. சின்னச் சின்ன ஃபைல்கள் நிறைந்திருந்தால் இன்னும் இழுக்கும். ஆனால் இதில் கை வேலை பத்து நிமிடம்தான், மீதி காத்திருப்பு. ஒரே நேரத்தில் நான்கு மெஷின் ஓடவிட்டால் காத்திருப்புக்குச் செலவில்லை. ஒருவர் வீட்டுக்கே போய் ஒரு மெஷினின் முன் உட்கார்ந்தால் அந்த நான்கு மணியும் கூலிதான். விண்டோஸ் நிறுவுதல் போன்ற வேலைகளை மேசைக்குக் கொண்டுவரச் சொல்வது இதனால்தான்.

தெரிந்த வேலைக்குக் கட்டணத்தை முன்பே சொல்லிவிடலாம்: எஸ்எஸ்டி மாற்றுதல், தூசு எடுத்தல், மறு நிறுவல். தெரியாத கோளாறுக்கு அப்படிச் சொல்வது சூதாட்டம். அதற்கு மணிக் கணக்கு, கூடவே ஓர் உச்சவரம்பு. அதைத் தொட்டதும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்க வேண்டும்.

"சரியானால்தான் காசு" என்பது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் "இதை ரிப்பேர் செய்வது வீண், விட்டுவிடுங்கள்" என்று உண்மையைச் சொல்பவருக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. தேவையில்லாத பாகத்தை மாட்டி ஓட வைப்பவருக்குக் கிடைக்கும். கண்டுபிடிப்பதற்கென்று தனிக் கட்டணம் வைத்து, ரிப்பேர் செய்தால் அதைக் கழித்துக்கொள்வதே இரு பக்கத்துக்கும் நியாயம்.

பாகத்தின் மேல் லாபம் ஏன் வைக்கிறார்கள் என்று வாடிக்கையாளர் கேட்பார். இணையத்தில் விலை அவருக்கும் தெரியும். பாகம் வாரண்டிக்குள் போனால் சப்ளையர் பாகத்தைத்தான் தருவார், இரண்டாம் முறை கழற்றி மாட்டும் கூலியைத் தரமாட்டார். இருபது பாகம் மாட்டியதில் ஒன்று திரும்பி வந்து ஒரு மணி நேரத்தைத் தின்றால், ஒவ்வொரு பாகத்தின் விலையிலும் மூன்று நிமிடக் கூலியை முன்பே சேர்த்திருக்க வேண்டும். வாடிக்கையாளரே பாகம் வாங்கி வந்தால், மறு வேலைக்குத் தனிக் கூலி என்று அப்போதே சொல்லிவிடுங்கள்.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது லேப்டாப் கீபோர்டுக்கென்றே சொன்ன மாதிரி இருக்கும். பாகம் மலிவு. ஆனால் பல மாடல்களில் அது மேல்மூடியோடு டஜன் கணக்கான பிளாஸ்டிக் குமிழ்களால் உருக்கி ஒட்டப்பட்டிருக்கும்; போர்டு, பேட்டரி எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் குமிழ்களை ஒவ்வொன்றாக வெட்ட வேண்டும். அங்கே மேல்மூடியோடு சேர்ந்த கீபோர்டை வாங்குவது பாக விலையில் அதிகம், மொத்தத்தில் குறைவு. சார்ஜர் துளையும் அப்படித்தான்: ஒயரோடு தனியாக வந்தால் எளிதாக மாறும், போர்டில் சால்டர் செய்திருந்தால் வேறு கைக்குப் போக வேண்டும். ராமையே போர்டில் சால்டர் செய்த லேப்டாப்பில் ராம் போனால், கடைசியில் போர்டுக்கே விலை வந்து நிற்கும்.

ரிப்பேர் செலவு புதிதின் விலையில் பாதியைத் தாண்டினால் விட்டுவிடு என்று ஒரு வழக்கு உண்டு. முரட்டுக் கணக்கு அது. வருடத்துக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். புதிய மெஷின் ஆறு வருடம் வருமென்றால் வருடத்துக்கு விலையில் ஆறில் ஒரு பங்கு, சுமார் 17 சதவீதம். ரிப்பேர் செலவு 30 சதவீதம், அதன்பின் இரண்டு வருடம் ஓடும் என்றால் வருடத்துக்கு 15. ரிப்பேர் ஜெயிக்கிறது, ஆனால் மயிரிழையில். ஒரே வருடம்தான் ஓடும் என்றால் நஷ்டம். ஆகவே "எவ்வளவு ஆகும்" என்பதோடு "இன்னும் எத்தனை வருடம்" என்பதையும் கேட்டே தீர வேண்டும். அந்த வருடங்களை பாகங்கள் மட்டும் தீர்மானிப்பதில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 கேட்கிறது, இன்டெல்லில் பெரும்பாலும் 8-ம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கிறது. அதற்கு முந்தைய மெஷினில் மதர்போர்டு போனால் அதே தலைமுறை போர்டைத் தேடி வாங்குவதில் அர்த்தமில்லை. அதே மெஷினில் எஸ்எஸ்டி மட்டும் போட்டு லினக்ஸ் ஏற்றினால் பிரவுசர் வேலைக்கும் கடிதம் அடிக்கவும் இன்னும் சில வருடம் உழைக்கும்.

கைவிட்ட மெஷினிலிருந்து டிஸ்க்கை முதலில் எடுங்கள். உரிமையாளரிடம் கொடுங்கள், அல்லது அவர் முன்னாலேயே அழித்துவிடுங்கள். ராம், எஸ்எஸ்டி, கூலர், ஓடுகிற எஸ்எம்பிஎஸ் இவற்றைச் சோதனைக்கு எடுத்து வைக்கலாம். எஸ்எம்பிஎஸ்ஸை எடுக்கும்போது அதன் கழற்றக்கூடிய கேபிள்களை அதோடே கட்டி, எந்த மாடலுடையது என்று எழுதி வையுங்கள். கேபிளின் டிஸ்க் முனை எல்லாக் கம்பெனியிலும் ஒன்றுதான். எஸ்எம்பிஎஸ்ஸில் செருகும் முனை அப்படி இல்லை: பிளக் பொருந்தும், உள்ளே பின் வரிசை வேறாக இருக்கலாம். ஒரு கம்பெனி கேபிளை இன்னொன்றில் செருகி ஆன் செய்தால் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய், இணைத்திருக்கும் டிஸ்க்குகள் எல்லாம் ஒரே நொடியில் கருகலாம்.